பெனிசிலின் நகரத்தில் ஒரு ராக் இரவு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சீனப் பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெருஞ்சுவரைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் ஒரு ராக் பாட்டையும் ஒரு தள்ளுவண்டியையும் பற்றிப் பேசுகிறேன்.

2024 மார்ச்சில் அயர்லாந்து கடவுச்சீட்டுக்குச் சீனா விசா விலக்கு அளித்தது. அப்போது பதினைந்து நாள் தங்கலாம். என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் சீனத் தோழி, "எங்கள் ஊருக்கு வா" என்றாள். அவள் ஊர் ஷிஜியாஜுவாங், ஹெபெய் மாகாணத்தின் தலைநகரம். பெய்ஜிங்கிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு கிராமம். ரயில்பாதைகள் வந்து கூடியதால் நகரமானது. பஞ்சாலைகளும் மருந்து ஆலையும் சேர்ந்து அதைத் தொழிலாளர் நகரமாக்கின.

அந்த மருந்து ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோவியத் உதவியோடு 1953இல் ஆயத்தப் பணிகள் தொடங்கி, 1958இல் உற்பத்தி தொடங்கிய வட சீன மருந்து ஆலை அது. அதற்கு முன் சீனாவில் பெனிசிலின் தங்கத்துக்குச் சமம் என்பார்கள். ஆலை வந்த பிறகு சாதாரண மனிதருக்கும் அது எட்டியது. இன்று உலகின் பெனிசிலின் மூலப்பொருளில் பெரும்பங்கு சீனாவிலிருந்துதான் வருகிறது. இருபது ஆண்டுகளாக ஊசி போடுகிற எனக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை.

இனி பாட்டுக்கு வருவோம். சீன ராக் இசையின் கதையைப் பெரும்பாலும் 1986இலிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டுதான் பெய்ஜிங் தொழிலாளர் அரங்கில் சுயி ஜியான் பாடினார். 1990களில் மேலை நாடுகளில் விற்காத கேசட்டுகளும் குறுந்தட்டுகளும் ஓரம் வெட்டப்பட்டு, பிளாஸ்டிக் கழிவாகச் சீனாவுக்குள் வந்தன. அந்தக் குப்பையைப் பொறுக்கிக் கேட்டே ஒரு தலைமுறை ராக் இசையைக் கற்றது. 2000இல் பெய்ஜிங்கில் மிடி இசைவிழாவும், 2009இல் ஸ்ட்ராபெரி இசைவிழாவும் தொடங்கின. நாட்டின் முக்கியமான ராக் இதழ்கள் இரண்டு ஷிஜியாஜுவாங்கிலிருந்துதான் வெளிவந்தன.

அதே ஊரின் இசைக்குழு ஒன்று 2010இல் ஒரு பாட்டை வெளியிட்டது. பெயர், 'அந்த ஷிஜியாஜுவாங்காரனைக் கொல்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மருந்து ஆலைத் தொழிலாளி ஒருவரின் அன்றாட வாழ்வில் தொடங்கும் பாட்டு அது. ஆலை, வீடு, சாப்பாடு, கொஞ்சம் பியர். அப்படியே பல ஆண்டுகள் போகின்றன, பிறகு எல்லாம் சரிகிறது. 1990களின் இறுதியில் அரசு ஆலைகளிலிருந்து இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஆயுள் முழுக்க நிலையான வேலையைச் சீனர்கள் 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்பார்கள். உடையாது என்று நம்பிய கிண்ணம் உடைந்தது. அந்தத் தகப்பன்மாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் பாட்டு அது.

2023இல் நகர நிர்வாகம் தன் ஊரை 'ராக் நகரம்' என்று அறிவித்தது. பூங்காக்களிலும் கடைவீதிகளிலும் இலவச இசை மேடைகள் போட்டார்கள். கூடவே அரசுத் தரப்பிலிருந்து அந்தப் பாட்டின் மெட்டுக்கு வேறு சொற்கள் போட்டு, 'கொல்ல முடியாத ஷிஜியாஜுவாங்' என்று உற்சாகப் பாட்டாக வெளியிட்டார்கள். இணையத்தில் இளைஞர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒரு கேள்வியை நான் உங்களிடமே விடுகிறேன். துக்கத்தை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொள்ள ஓர் ஊருக்கு உரிமை உண்டா?

நான் போன இரவு, ஒரு பூங்காவின் மூலையில் சிறிய மேடை. இளைஞர் குழு ஒன்று அந்தப் பாட்டைப் பழைய சொற்களோடேயே பாடியது. கூட்டம் சேர்ந்து பாடியது. கடைசியில் டிரம்பெட் நீளமாக ஒலிக்கும் பகுதி வந்ததும் தோழி அழுதாள். அவள் அப்பாவும் ஆலைக்காரர். எனக்கு மொழி தெரியாது. ஆனாலும் அந்த டிரம்பெட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பூங்காவுக்கு வெளியே நல்ல சாப்பாடு. முழு மிளகாய் மிதக்கும் மாட்டிறைச்சிக் குழம்பில் தட்டை நூடுல்ஸ். அன்ஹுய் மாகாணத்துக்காரர்கள் கொண்டுவந்தது, இன்று அந்த ஊரின் சொந்தச் சாப்பாடு. சுடுரொட்டிக்குள் கழுதைக் கறி வைத்துத் தருவார்கள். 'வானத்தில் டிராகன் கறி, பூமியில் கழுதைக் கறி' என்பது அங்கே பழமொழி. நான் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

என் மனசு நின்றது ஜியான்பிங் வண்டியில். பாசிப்பயறு மாவை வட்டக் கல்லில் ஊற்றி, மரக்கட்டையால் இழுத்துவிட்டு, மேலே முட்டை, வெங்காயத்தாள், இனிப்புக் காரக் குழம்பு, மொறுமொறுப்பாக ஒரு வறுவல் வைத்து மடித்துத் தருகிறார்கள். நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. வண்டிக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முன்பு பஞ்சாலையில் வேலை. ஆலை விட்டதும் இந்தக் கல்லைப் பிடித்தவர். "அந்தப் பாட்டுப் பிடிக்குமா அக்கா?" என்று தோழி கேட்டாள்.

"என் மகனுக்குப் பிடிக்கும். எனக்குப் பாட்டு எதுவானாலும் சரி, கூட்டம் வந்தால் மாவு மிச்சமாகாது" என்றார்.

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்தேன். நகர நிர்வாகம் பாட்டை மாற்றியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அவர்கள் கூட்டிய கூட்டத்தால்தான் அந்த அம்மாவின் மாவு தீர்கிறது. அவருடைய துக்கத்துக்காக நாம் கோபப்படலாம். அவருக்கோ அன்றைய வியாபாரம் முக்கியம். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த இரவைச் சொல்ல முடியாது.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "எந்த ஊர்?" என்றார். தோழி இந்தியா என்றாள். அந்த அம்மா முகம் மலர்ந்து, "கே திஹுவா ஊரா!" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுநாள் தோழி தியாகிகள் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். கே திஹுவா என்பது துவாரகநாத் கோட்னிஸின் சீனப் பெயர். சோலாப்பூர்க்காரர். 1938இல் இந்தியாவிலிருந்து சென்ற ஐந்து மருத்துவர்களில் ஒருவர். போர்முனையில் அறுவை சிகிச்சை செய்து செய்தே உடல் நலிந்து 1942இல், 32 வயதில் இறந்தார். அவர் மணந்த குவோ சிங்லான் ஒரு செவிலியர். கோட்னிஸைப் பற்றி 1946இலேயே இந்தியில் படம் வந்துவிட்டது. குவோ சிங்லானின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பெயரை இங்கே சொல்ல வேண்டுமென்றே இந்த உரையை எழுதினேன்.

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு ஊரின் இசையையும் சாப்பாட்டையும் அனுபவிப்பதில் தவறேயில்லை. நன்றாகச் சாப்பிடுங்கள், ஆடுங்கள். அதோடு, தோசைக்கல்லைப் பிடித்திருக்கும் கை இதற்கு முன் என்ன வேலை செய்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பயணக் கட்டுரைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் பேசுவோம்.