புல்வெளிக்குக் காப்பாளர் யார்?



2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி ஒரு தீர்ப்பளித்தார். மேகமலை வன நிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகக் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. இயற்கை அன்னை உரிமைகளும் கடமைகளும் பொறுப்புகளும் உடைய சட்ட நபர் என்று அத்தீர்ப்பு அறிவித்து, காக்கும் பொறுப்பை மத்திய, மாநில அரசுகளிடம் விட்டது. கோயில் மூர்த்தியின் பெயரில் நிலம் இருப்பதும், மூர்த்திக்காக அறங்காவலர் வழக்காடுவதும் நமக்குப் பழக்கமானவை. எனவே மலைக்குச் சட்ட நபர் தகுதி தருவதில் எனக்குத் தயக்கமில்லை. அரசு மட்டுமே அதன் காப்பாளராக இருக்கலாமா என்பதே என் கேள்வி. அந்த வழக்கிலேயே பட்டா கொடுத்தவர் அரசு அலுவலர்.

பழனி மலையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பதாண்டுகளில் இங்குள்ள மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. அதை விழுங்கியவை மரத்தோட்டங்களும் விவசாயமும். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், கூழுக்காக யூக்கலிப்டஸ், பிறகு பைன் என்று நட்டது பெரும்பாலும் வனத்துறை. திருட்டுத்தனமாக அல்ல, திட்டம் போட்டு, காடு வளர்ப்பதாக நம்பி நட்டார்கள். புல் தூர்களும் அடியிலுள்ள கருமண்ணும் மழையைப் பிடித்து வைத்து, கோடையில் ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுகின்றன. வாட்டிலை வெட்டினாலும் அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் நாற்றங்கால் போல நெருக்கமாக முளைக்கும். நட்டவரே காப்பாளர் என்றால், இந்தப் புல்வெளிக்காக அவர்மீது வழக்குப் போடுவது யார்?

இருக்கிற சட்டங்கள் போதாதா என்பார்கள். இதே மலையில் பாம்பார் சோலைக்காட்டை ஒட்டி இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையைப் பாருங்கள். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் சிக்கிய பிறகு, 2001இல் ஆலை மூடப்பட்டது. 2016இல் 591 தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. அவர்களுக்கு அது நெடுங்காலம் போராடிப் பெற்ற நியாயம். மண்ணுக்கோ, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று எல்லை வகுக்கப்பட்டது. மனிதக் குடியிருப்பை மனத்தில் வைத்த அளவு அது. ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். ஆனால் அந்தப் பேச்சில் சோலை ஒரு தரப்பாக உட்காரவில்லை.

சட்ட நபர் தகுதி தருவதிலும் சிக்கல் உண்டு. 2017இல் கங்கை, யமுனையைச் சட்ட நபர்களாக உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அறிவித்தபோது, வெள்ளச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று மாநில அரசே கேட்டது; உச்ச நீதிமன்றமும் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. நியாயமான கேள்விதான். காப்பாளரின் அதிகாரமும் பொறுப்பும் எதுவரை என்று வரையறுக்காத அறிவிப்புக்கு அந்தக் கதிதான் நேரும். அதே ஆண்டு நியூசிலாந்து, வாங்கனுயி நதிக்காக நாடாளுமன்றச் சட்டமே இயற்றி, அரசு சார்பில் ஒருவர், நதியோடு வாழும் மாவோரி மக்கள் சார்பில் ஒருவர் என இரு காப்பாளர்களை அமர்த்தியது.

காட்டுக்கு உரிமை என்ற பெயரில் இம்மலையின் பழங்குடிகளான பளியரை வெளியேற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதனால்தான் அவர்களும் காப்பாளர்களாக வேண்டும் என்கிறேன். காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. கிராம சபைப் பிரதிநிதி, சூழலியல் அறிஞர், வனத்துறை அலுவலர் மூவரும் அமர்ந்த காப்பாளர் குழு இந்த மலைக்குத் தேவை. வாட்டிலை வெட்டிய இடத்தில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கச் செய்வதும், பாம்பார் சோலையின் மண், நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கித் தமிழில் வெளியிடுவதும் அதன் முதல் வேலைகளாக இருக்கட்டும்.