மேல்நாட்டு நோயறி கல்வி: பட்டமும் பதிவும்

(நம் சங்கக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்துப் பிள்ளைகள் கடல் கடந்து கல்வி பயில்வது இக்காலத்தில் அரிய செய்தியன்று. அவ்வாறு செல்வோருள் ஒரு சாரார் பிரிட்டன் சென்று, மருத்துவ நோயறிதல் என்னும் துறையில் முதுநிலைப் பட்டம் பெற விழைகின்றனர். அக்கல்வியின் சிறப்பு யாது? அதற்காக வீட்டையோ நிலத்தையோ அடகு வைக்குமுன் பெற்றோர் ஆராய வேண்டுவன யாவை? இவ்விரண்டையும் குறித்தே இன்று தங்கள்முன் சில சொல்ல விரும்புகின்றோம்.

மருந்து கொடுப்பதற்கு முன் நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். அதனை அறிய, இரத்தம், சிறுநீர், சதைத்துணுக்கு முதலியவற்றைச் சோதித்தும், உடலின் உள்ளுறுப்புகளைக் கருவிகளாற் படம் பிடித்தும் உண்மை காணும் கலையே நோயறி கலையாம். இக்கலை வளர்ச்சியிற் பிரிட்டனுக்குப் பெரும் பங்குண்டு. கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்னும் மருத்துவர் தம் கூட்டாளிகளுடன், செவிக்குப் புலனாகாத ஒலியலைகளால் வயிற்றினுட் காணும் முறையை 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் முறை அதன் வழி வந்ததேயாகும். ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலார் அமைத்த சி.டி. ஸ்கேன் கருவியால் 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1975-இல் கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைன், கோலர் என்னும் இருவர், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டுமளவு உண்டாக்கும் வழியைக் கண்டனர். கர்ப்பம் உண்டா இல்லையா என வீட்டிலேயே காட்டும் சோதனைப் பட்டைகள் அவ்வகை எதிர்ப்பொருள்களைக் கொண்டே செய்யப்படுகின்றன. இத்தகைய நாட்டிற்குச் சென்று இக்கலையைப் பயில விரும்புதல் இயல்பேயன்றோ?

ஆயினும், கருவியை இயக்கக் கற்பது வேறு. முதுநிலை வகுப்பில் கற்பது வேறு. ஓர் உதாரணம் கூறுவோம். நோயுள்ளார் நூற்றுவரில் தொண்ணூற்றொன்பதின்மரைச் சரியாகக் கண்டுபிடிப்பதும், நோயில்லார் நூற்றுவரில் தொண்ணூற்றொன்பதின்மரைச் சரியாக விலக்குவதுமான ஒரு நல்ல சோதனை இருப்பதாகக் கொள்வோம். 10,000 பேர் வாழும் ஊரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 100 பேருக்கு அந்நோய் உள்ளது. எல்லாரையும் சோதித்தால், நோயாளர் 99 பேர் அகப்படுவர். நோயில்லாத 9,900 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் மற்றொரு 99 பேரும் நோயாளரெனக் காட்டப்படுவர். ஆகவே, நோய் உண்டெனச் சொல்லப்பட்டவரிற் பாதிப்பேருக்கு நோயேயில்லை! சோதனை பொய்யன்று, அதனை எவரிடத்தில், எக்காலத்தில், எதற்காகச் செய்தோம் என்பதே பொருள். இந்த விவேகத்தைத் தருவதே முதுநிலைக் கல்வியின் பயன். புதிய சோதனைகளை அமைத்தலும், அவற்றின் தரத்தை நிறுவுதலும், அவற்றை விற்பதற்குரிய சட்ட விதிகளை அறிதலும் இதன்பாற்படும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்லவந்த விஷயத்திற்கு வருவோம். பட்டம் வேறு, பதிவு வேறு. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளின் சோதனைச்சாலைகளில் 'பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்' என்னும் பெயர் சட்டத்தாற் காக்கப்பட்டது. உடல்நலம், பராமரிப்பு ஆகியவற்றுக்குரிய தொழில்களின் கவுன்சிலில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டவரன்றிப் பிறர் அப்பெயரைத் தமக்கு இட்டுக்கொள்ளலாகாது. அப்பதிவுக்கு வழக்கமான வழி யாதெனில், அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டமும், அதனோடு பயிற்சிக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட ஆஸ்பத்திரிச் சோதனைச்சாலையிற் பயின்று, அதற்குரிய பயிற்சி ஏட்டை நிறைவு செய்து பெறும் தகுதிச் சான்றுமாகும். ஓராண்டு முதுநிலைப் பட்டங்களிற் பெரும்பாலானவை இப்பதிவைத் தாமே தருவனவல்ல. "அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பு" என்று விளம்பரத்திற் கண்டாலும், அவ்வங்கீகாரம் வேறு, பதிவுத் தகுதி வேறு என்பதை மறத்தலாகாது. ஊர்தோறும் ஆள் சேர்க்கும் தரகர்கள் இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பார்களென எதிர்பார்த்தலும் ஆகாது.

இஃது அந்நாட்டுக்கே உரிய விந்தையன்று. நம் பாராளுமன்றமும் 2021-இல் துணைமருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றி, சோதனைச்சாலைத் தொழிலையும் பதிவேட்டின்கீழ்க் கொணர்ந்துள்ளது.

பொருட்செலவையும் காலத்தையும் பார்ப்போம். அந்நிய நாட்டு மாணவரிடம் ஓராண்டுக்கு வாங்கும் சம்பளம் பல சர்வகலாசாலைகளில் இருபதாயிரம் பவுனைத் தாண்டுகிறது. அதனையன்றி, உண்டி உறையுளுக்கான தொகையைத் தொடர்ந்து 28 நாட்கள் பாங்கியில் வைத்துக் காட்டல் வேண்டும். 2025 நவம்பர் முதல் அத்தொகை, லண்டனாயின் மாதத்துக்கு 1,529 பவுனும், வெளியூராயின் 1,171 பவுனுமாக ஒன்பது மாதங்களுக்குரியது. மருத்துவ வசதிக்கென ஆண்டுக்கு 776 பவுன் தனியே செலுத்தல் வேண்டும். படிக்குங்காலத்தில் வேலை செய்து கடனடைப்போம் என்பாரும் உளர். பாடம் நடக்கும் வாரங்களில் இருபது மணிக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லை. 2024 ஜனவரி முதல், வகுப்புவழி முதுநிலைக் கல்விக்குச் செல்வோர் மனைவி மக்களையோ கணவரையோ உடனழைத்துச் செல்லவும் இயலாது. மணமான பெண்மக்களை அனுப்புவோர் இதனை முன்னரே நினைத்தல் நலம். படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்கும் அனுமதி இரண்டாண்டு; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போர்க்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. பதிவின்றி நிற்கும் பிள்ளைக்கு இக்காலம் மிகச் சிறிது.

ஆகையால் ஒருவரும் செல்ல வேண்டாமென்பதோ நம் கருத்து? அன்று. சோதனைக் கருவிகளையும் மருந்துகளையும் செய்யும் கம்பெனிகளிலும், ஆராய்ச்சிக் கூடங்களிலும் புக விரும்புவோர்க்குப் பதிவு பெரும்பாலும் வேண்டுவதில்லை. அவர்க்கு இப்பட்டம் உறுதுணையாகும். டாக்டர் பட்டத்துக்கு முயல்வோர்க்கும் அவ்வாறே. நம் நாட்டில் சோதனைச்சாலைக் கல்வியில் இளநிலைப் பட்டம் பெற்று, சில ஆண்டு பணியும் செய்தவர்கள், அந்நாட்டுக் கவுன்சிலுக்கு அந்நிய நாட்டார்க்கான வழியிலே இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். முதுநிலைச் செலவே இன்றிப் பதிவு கிட்டுமாயின், அதனை முதலில் முயலாதது பேதைமையன்றோ?

பெற்றோர்களே! பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைத் தரகரிடமன்று, சர்வகலாசாலைக்கே எழுதி, எழுத்து மூலமாகவே விடை பெறுங்கள். இப்பட்டத்தால் பதிவுக்குத் தகுதி உண்டா? ஆஸ்பத்திரிச் சோதனைச்சாலைப் பயிற்சி படிப்பிற் சேர்ந்ததா, அன்றி மாணவரே தேடிக்கொள்ள வேண்டியதா? சென்ற ஆண்டுகளில் இதனை முடித்த அந்நிய நாட்டு மாணவர் எத்தகைய வேலைகளில் அமர்ந்தனர்? மூன்றாவதற்கு விடை வாராதாயின், அவ்வாராமையே ஒரு விடையெனக் கொள்க.

மாணவர்களே! தந்தையார் கையொப்பமிடும் கடன் பத்திரத்தை நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வேலையோ, ஆராய்ச்சியோ, கம்பெனி உத்தியோகமோ, எதற்காகச் செல்கிறீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுத இயன்றபின் விண்ணப்பத்தை எழுதுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பண உதவியினும் தக்க சமயத்திற் சொல்லும் ஒரு சொல் சில வேளை பேருதவியாகும். இத்துறையிற் பணியாற்றும் நம் அங்கத்தினர் இருவர் மூவரைக் கொண்டு ஒரு சிறு குழு அமைத்து, மேல்நாட்டுக் கல்விக்கு உதவி கோருவோரின் பத்திரங்களைப் பார்வையிடச் செய்தல் வேண்டும். நோயறி கலையைக் கற்கச் செல்லும் பிள்ளைக்கு, முதலில் தன் பயணத்தைச் சோதித்தறியும் பழக்கத்தை நாம் தருவோமாக.