பிள்ளைகளின் கேள்வியும் எங்கள் வீட்டுக் கதையும்

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் இருவரும் பேசியது)



இந்தக் கூட்டத்தில் பேசச் சொல்லி எங்களைக் கேட்டபோது, "நாங்க என்னத்தைப் பேசுறது, படிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே" என்றோம். "உங்க வீட்டில நடந்ததைச் சொல்லுங்க, அது போதும்" என்றார்கள். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம். நாங்கள் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்வோம். அந்தப் பிழை இங்கே இருக்கிற மற்ற வீடுகளிலும் நடக்கக் கூடியதுதான்.

எங்கள் வீட்டில் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா ஸ்டோரில் வேலை. பிள்ளைகள் மூன்று. மூத்தவள் பெண், நடுவில் பையன், கடைக்குட்டி இந்தப் பிள்ளைக்காம்பராவிலேயே வளர்ந்தவள். அப்பாயியும் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, ஒரு குசினி. அதற்குள் ஆறு பேர்.

காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் தொடங்கும். ஒருத்தர் பீலிக்குத் தண்ணீருக்கு ஓட வேணும், ஒருத்தர் ரொட்டி தட்ட வேணும். பையனுடைய சப்பாத்தில் ஒன்றுதான் இருக்கும், மற்றது கட்டிலுக்கடியில் கோழியோடு கிடக்கும். ஒரு நாள் மூத்தவளுடைய கணக்குக் கொப்பியை ஆடு பாதி தின்றுவிட்டது. "ஆடு தின்னுடுச்சுன்னு சொன்னா டீச்சர் நம்புவாங்களா?" என்று அவள் அழ, மிச்சப் பாதியைக் கையில் கொடுத்து, "இதைக் காட்டு, பல்லுத்தடம் இருக்கு" என்று அனுப்பி வைத்தோம். இப்படியாகத்தான் எங்கள் சாகசங்கள். உங்கள் வீட்டிலும் இதற்குக் குறைவிருக்காது.

இந்த ஓட்டத்துக்கு நடுவிலேதான் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அதற்கு நேரம் காலமே கிடையாது. "அம்மா, பச்சைக் கொழுந்து எப்படிக் கறுப்புத் தேயிலையாகுது?" "அப்பா, அட்டைக்குக் கண்ணு இருக்கா? நாம வர்றது அதுக்கு எப்படித் தெரியுது?" "தண்ணி வத்தினா மவுஸ்ஸாகலையில ஏன் கோயில் தெரியுது?" இப்படி ஒன்று மாறி ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அப்போதெல்லாம் நாங்கள் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு." நாள் முழுக்க மலையில் நின்று, கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிற அம்மாவுக்கு அதற்கு மேல் பேச உடம்பில் சத்தில்லை. அப்பாவுக்கோ வேறொரு காரணம். பதில் தெரியாது. பதினாறு வருஷம் ஸ்டோரில் வேலை செய்தும் கொழுந்து ஏன் நிறம் மாறுகிறது என்று தெரியாது. பிள்ளைக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கம். வெட்கத்தை மறைக்கக் கோபம் வரும். அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 2023 ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கிழமை. சிவனொளிபாதமலைப் பருவகாலம். மார்கழி மாதப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரைக்கும் மலைப் படிகளில் இரவில் விளக்கு எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். மழையும் பனியும் இல்லாத இரவில் எங்கள் லயத்து மேல் ரோட்டில் நின்றால், இருட்டில் மாலை கட்டித் தொங்கவிட்ட மாதிரி அந்த வரிசை தெரியும். அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டில் நின்று விளக்கை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டி கூட எண்ணினாள். பையன் மட்டும், "எந்த லைட்டு அப்பா? எங்க இருக்கு?" என்று கேட்டான். கையை நீட்டிக் காட்டினோம். மறுபடியும், "எங்கே?" என்றான். "கண்ணு முன்னாடி இருக்கிறது தெரியலையா? விளையாட்டா காட்டுறே?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டான். நாங்களும், "பையன் இப்பத்தான் அடங்கியிருக்கான்" என்று சந்தோஷப்பட்டோம். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

ஒரு மாதம் போனது. பாடசாலையிலிருந்து டீச்சர் ஆளனுப்பினார்கள். அடி வாங்கியிருப்பான், அல்லது யாரையாவது அடித்திருப்பான் என்று பயந்துகொண்டுதான் போனோம். டீச்சர் சொன்னார்கள்: "இவன் மக்குப் பிள்ளை இல்லை. வாயால கேட்டா எல்லாம் சொல்றான். கடைசி வாங்கில் இருந்தா பிழையா எழுதுறான், முன் வாங்கில் இருத்தினா சரியா எழுதுறான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் எழுதியிருக்கான். கண்ணைக் காட்டுங்க."

அப்போதுதான் எங்களுக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது. அவன் விளையாட்டுக் காட்டவில்லை. அவனுக்கு அந்த விளக்கு நிஜமாகவே தெரியவில்லை. கரும்பலகையும் தெரியவில்லை. அதை எங்களிடம் சொல்ல வந்தவனைத்தான் குட்டி அனுப்பியிருக்கிறோம்.

ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு இரண்டு தடவை போய் வந்தோம். இரண்டு பேர் போனது. கண்ணாடிக்குச் சீட்டுக்காசை முந்தி எடுத்தோம். டொக்டர் இதைக் கிட்டப்பார்வை என்றார். கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். சரியான கண்ணாடி போட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்பாயி, "சின்ன வயசிலேயே கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப்போகுமே" என்று பயந்தார். அதையும் கேட்டோம். சரியான கண்ணாடி போடுவதால் கண் கெடாது என்று விளக்கமாகச் சொன்னார்கள்.

கண்ணாடி போட்ட முதல் நாள், பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பையன் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "அம்மா, தேயிலைச் செடி தனித்தனியா இருக்கு! தூரத்தில கூட இலை தெரியுது!" என்றான். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளும் மலை முழுவதும் அவனுக்குப் பச்சைக் கம்பளி விரித்த மாதிரித்தான் இருந்திருக்கிறது.

அன்று இரவு நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ராத்திரித் தேத்தண்ணி குடிக்கிற நேரம் கேள்வி நேரம். ஆளுக்கு ஒரு கேள்வி. பதில் தெரிந்தால் சொல்வது. தெரியாவிட்டால், "தெரியாது, கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்வது. மூத்தவள் அந்த ஆடு தின்ற கொப்பியின் மிச்சப் பாதியில் கேள்விகளை எழுதி வைப்பாள். தெரிந்தவர் யாரோ அவரிடம் போய்க் கேட்பது எங்கள் வேலை.

அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறோம்.

கொழுந்து ஏன் கறுக்கிறது? ஸ்டோர் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டோம். வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு அரைக்கும்போது இலை நசுங்கிச் சாறு வெளியே வருகிறது. அதில் காற்றுப் படும்போது செப்பு நிறமாக மாறுகிறது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பது போலத்தான். பிறகு சூட்டில் காய வைக்கும்போது கறுப்பாகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வருமாம். மூத்தவள் உடனே கணக்குப் பார்த்தாள்: "அம்மா 18 கிலோ எடுத்தா 4 கிலோ தேயிலை!" அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தன் கூடையின் கணக்குத் தெரிந்தது.

அட்டைக்கு நாம் வருவது எப்படித் தெரிகிறது? நம் காலடி அசைவும், உடம்புச் சூடும், விடுகிற மூச்சும் அதற்குத் தெரியுமாம். அது கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு நீரை விடுகிறது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வருகிறது. பயப்படாமல் கழுவிவிட்டுச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

தண்ணீருக்குள் ஏன் கோயில் தெரிகிறது? இதற்குப் பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியாப் பட்டணம் தண்ணீருக்குள் போனது. அந்தக் கோயிலைத் தண்ணீர் வருமுன் கண்ணால் கண்டவர் எங்கள் அப்பாயி. இத்தனை வருஷம் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்ட பிறகு அவர் சொன்ன கதை மூன்று இரவுக்கு வந்தது.

கேள்வியோடு ஆசையையும் கொப்பியில் எழுத ஆரம்பித்தோம். அப்பாயிக்கு நல்ல கம்பளி. அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அப்பாவுக்கு, தோட்ட ஒபிஸைச் சுற்றாமல் நேரே எங்கள் வாசலுக்குக் கடிதம் வருகிற மாதிரி ஒரு வீடும் விலாசமும். மூத்தவளுக்கு டீச்சராக வர வேணும். கடைக்குட்டிக்கு ஒரு குடை, பூப்போட்டது. பையன் எழுதியது: "அந்த லைட்டு இருக்கிற மலையில் ஏற வேணும்."

முதலில் நிறைவேறியது குடை. இரண்டாவது மலை. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பின்னேரம் நல்லதண்ணிக்குப் போய் இரவு ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கு மேல் படி. கடைக்குட்டியை முறை வைத்துத் தூக்கினோம். வழியில் சிங்களக் குடும்பமொன்று அவளுக்குச் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தது. நாம் சிவன் பாதம் என்கிறோம், அவர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்களும் வேதக்காரர்களும் ஆதாமுடைய பாதம் என்கிறார்கள். ஏறும்போது எல்லோருக்கும் வலிக்கிற கால் ஒன்றுதான்.

விடிவதற்கு முன் உச்சிக்குப் போய்விட்டோம். 7,359 அடி. மலைக்கு எத்தனையாவது தடவை வந்தோமோ அத்தனை தரம் மணி அடிக்க வேணும். பையன் ஒரு தரம் அடித்தான். பிறகு கீழே இருட்டில் மினுக்குகிற தோட்டத்து விளக்குகளைக் காட்டி, "அப்பா, அதில எது நம்ம லயம்?" என்று கேட்டான். "தெரியாது, நீயே பாரு. உனக்குத்தானே இப்ப நல்ல கண்ணு" என்றோம். சிரித்தான்.

சூரியன் வந்ததும் மறுபக்கம் போய்ப் பார்த்தோம். மலையின் நிழல் பெரிய முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் கிடந்தது. "ஏன் முக்கோணம்?" என்றான். அதுவும் தெரியாது. கொப்பியில் எழுதி டீச்சரிடம் கேட்டோம். நீண்ட நிழலின் நுனி வெகு தூரத்தில் இருப்பதால் ஒடுங்கித் தெரிகிறதாம், கோச்சித் தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேருவது போலத் தெரிகிறதே அது மாதிரி. மலை எந்த வடிவமாக இருந்தாலும் அப்படித்தான் தெரியுமாம்.

பெற்றோர்களே, நாங்கள் கேட்டுக்கொள்வது மூன்று விஷயம்.

முதலாவது, பிள்ளை புத்தகத்தை மூக்கருகில் பிடித்தாலும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும், டீவீக்குக் கிட்டே போய் உட்கார்ந்தாலும், அடிக்கடி தலைவலி என்றாலும், பக்கத்துக் கொப்பியைப் பார்த்தே எழுதினாலும், அதட்ட வேண்டாம். கண்ணைக் காட்டுங்கள். ஒரு நாள் பேர் போனால் மறுமாதம் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளையின் ஒரு வருஷப் படிப்புப் போனால் எங்கே போய்ப் பிடிப்பது?

இரண்டாவது, "தெரியாது" என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். சேர்ந்து போய்க் கேட்டால், கேட்பதில் தவறில்லை என்று பிள்ளையும் படித்துக்கொள்ளும்.

மூன்றாவது, அட்டையைப் பற்றிக் கேட்கிற பிள்ளையின் வாயை அடைத்தால், நாளைக்கு அதற்கு ஒரு வலி, ஒரு பயம், ஒரு ஆபத்து என்றாலும் நம்மிடம் வந்து சொல்லாது. நாங்கள் பட்டு அறிந்தது இதுதான்.

எங்கள் கொப்பியில் இன்னும் பதில் கிடைக்காத கேள்விகள் நிறைய இருக்கின்றன. விலாசமுள்ள வீடும் இன்னும் ஆசைப் பக்கத்திலேயே இருக்கிறது. நேற்று இரவு கடைக்குட்டி புதிதாக ஒன்று எழுத வைத்தாள்: "நாளைக்கு மீட்டிங்கில அம்மாவும் அப்பாவும் என்ன பேசுவாங்க?"

அதற்குப் பதில் இன்றைக்குக் கிடைத்துவிட்டது.