பழைய படக்கதையும் இஸ்திரிப் பெட்டியும்



படக்கதை என்றால் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயினும், 1938-இல் அமெரிக்காவில் 10 செண்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதி ஒன்று, 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம்மிடையே அத்தகைய தொகை புழங்குவதில்லை. எனினும், சிவகாசியிலிருந்து 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸையும், 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸையும், அட்டையில் கண்ட விலையைக் காட்டிலும் பன்மடங்கு கொடுத்து வாங்கும் அன்பர்கள் உளர். ஊரைவிட்டு வந்தபோது பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்த அவ்விதழ்கள் உங்கள் இல்லத்துப் பரணிலும் இருக்கக்கூடும்.

திருவனந்தபுரத்தில் காகிதத்திற்குப் பெரும்பகை ஈரமே. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. போதாக்குறைக்குக் கடற்காற்று வேறு. ஈரத்தை உறிஞ்சிய தாள் உப்பி நெளிகிறது. தைத்த கம்பி துருவேறிக் கறை விடுகிறது. ஆகவே விற்குமுன் இதழை அழுத்தி நேராக்கலாமா, அதைச் சேகரிப்போர் பொருட்படுத்துவரா என்னும் வினா எழுகிறது.

அழுத்துதல் என்பது, தாளுக்கு இலேசான ஈரப்பதம் ஊட்டி, ஒட்டாத தாள்களுக்கிடையே வைத்து, அளவான சூட்டில் பொறியினால் அமுக்கி, பின் அழுத்தத்திலேயே ஆறவிடுவதாகும். மை உடையாத வளைவும் நெளிவும் இதனால் நீங்கும். மை உதிர்ந்த மடிப்போ, கிழிசலோ, பழுப்போ நீங்காது. வீட்டு இஸ்திரிப் பெட்டியை இதற்கு எடுப்பது விபரீதம். அட்டையின் மை இளகி ஒட்டும். முன்னமே நொறுங்கத் தொடங்கிய செய்தித்தாள் ரகக் காகிதம் மேலும் வறளும்.

சேகரிப்போர் இதில் இரு கட்சியினர். ‘எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை, நகையைத் துடைத்து விற்பது குற்றமாகுமா?’ என்பர் ஒரு சாரார். 2000-இல் தோன்றி, இதழ்களை ஆராய்ந்து பத்துப் புள்ளிக்குத் தரமிடும் சி.ஜி.சி. என்னும் அமெரிக்க நிறுவனமும், வண்ணம் தீட்டுதல், ஓரம் நறுக்குதல் முதலியவற்றைச் சீரமைப்பு என்று குறிக்கிறதேயன்றி, அழுத்துதலை அவ்வாறு கருதுவதில்லை. மற்றொரு சாரார், ‘இயல்பாகவே நன்னிலையில் காக்கப்பட்ட இதழுக்கும், அழுத்தி நேராக்கிய இதழுக்கும் வேற்றுமை உண்டு, அதனை மறைத்து மிகுந்த விலை பெறுவது முறையன்று’ என்பர். செம்மையாக அழுத்திய இதழைக் கண்ணால் கண்டறிவது அரிது என்பதனால் இவர்களது மனக்குறை வலுப்பெறுகிறது.

இவ்விடத்தில் இந்நகரத்தின் பெருமை ஒன்று நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலுள்ள தருவையில் பிறந்து, இங்கு வந்து சுவடிப் பணி ஆற்றிய த. கணபதி சாஸ்திரியார், பாசருடையவை என்று தாம் துணிந்த நாடகங்களை 1912 முதல் அச்சேற்றினார். அவை பாசருடையவைதாமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். இத்தகைய வழக்குகளில் நூலின் சொற்களோடு ஏட்டின் நிலையும் சான்றாக நிற்கும். ஆகையால், ஏட்டுக்குச் செய்த சிகிச்சை எதுவாயினும் அதைக் குறித்து வைத்தல் சுவடி காப்போர் கைக்கொள்ளும் நெறி. ஓலைக்குரிய இந்நெறி படக்கதைக்கும் பொருந்தும்.

எனவே, அழுத்துவது பிழையன்று. மறைப்பதே பிழை என்பது என் துணிபு. கைதேர்ந்தவர் அழுத்தியிருப்பின், ‘இது அழுத்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி இதழுடன் கொடுங்கள். விலை சற்றுக் குறையினும், வாங்கியவர் மறுமுறையும் உங்களையே நாடி வருவார். கைதேர்ந்தவர் கிட்டாவிடில், இதழை உள்ளபடியே விற்பது நலம். விற்க மனமில்லாதவர்கள், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் நேராக அடுக்கிவைத்து, மழை ஓய்ந்தபின் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது பிள்ளைகளுக்குப் படித்தும் காட்டுங்கள். அயல்மொழிப் பள்ளியில் பயிலும் அவர்களுக்குத் தமிழெழுத்தில் பழக்கம் உண்டாக அதுவும் ஒரு வழியன்றோ?