மண்ணில் மறைந்த வாட்பிடிகள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழம்பொருள் ஒன்று கையிற் கிடைத்தவுடன், "இதில் எவ்வளவு பொன் உளது?" என்று வினவுதல் உலக வழக்கம். "இஃது யாது? எவ்விடத்தில், எவற்றோடு கிடந்தது?" என்று வினவுவார் மிகச் சிலரே. இவ்வினாவே தலைசிறந்தது என்பதற்கு இங்கிலாந்து தேசத்து நிகழ்ச்சியொன்றைச் சான்றாகக் கூற விரும்புகின்றோம்.

அந்நாட்டில் உலோகங்களைக் காட்டும் கருவியைக் கையிற்கொண்டு, நிலத்துக்குரியவர் இசைவு பெற்று, வயல்களிற் பழம்பொருள் தேடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் பலர். 2009 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5 ஆம் நாள், ஸ்டாபோர்ட்ஷயரில் ஹாமர்விச் என்னும் சிற்றூரின் அருகே அத்தகையார் ஒருவருக்குப் பொற்றுண்டுகள் கிட்டின. சின்னாட்களில் அவர் அச்செய்தியை அறிவித்தார். தொல்பொருளறிஞர் வந்து அவ்வயலை முறைப்படி அகழ்ந்தனர். கிடைத்த பொருள்களும் துணுக்குகளும் ஏறக்குறைய 4,600. பொன் 4 கிலோ அளவினது. வெள்ளி ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்டது.

இவை எவற்றின் உறுப்புகள்? மகளிர் அணியென உறுதியாய்க் கூறத்தக்கது ஒன்றும் அவற்றுள் இல்லை. தொப்பி போன்ற வடிவினவாய்ச் சிறு பொன்மூடிகள் பல இருந்தன. அவை வாட்பிடியின் நுனிக்குமிழை மூடுபவை. பிடியைச் சூழும் பொற்பட்டங்களும், கைக்காப்பின் தகடுகளும் உடனிருந்தன. வாளின் இரும்பு அலகோ ஒன்றேனும் இல்லை. ஆகவே, வாள்களினின்று அணிகளை மட்டும் கழற்றிப் புதைத்தனர் என்று அறிஞர் துணிந்தனர்.

காலத்தை உணர்த்தியது வேலைப்பாடே. ஒன்றோடொன்று பின்னிய விலங்குருவங்களும், சிறு பொன்னறைகளுட் பதித்த கார்னெட் என்னும் செம்மணிகளும் ஆங்கிலோ-சாக்ஸன் மன்னர் காலத்துக் கைத்திறனாம். பெரும்பாலானவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டுக்குரியன. மணியின் கீழே வரியிட்ட மெல்லிய பொற்றகடு ஒன்றை வைத்திருந்தனர். அஃது ஒளியை எதிர்வீசி மணியைச் சுடர்விடச் செய்யும். அந்நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் அணிகளிற் பதித்த செம்மணிகளுட் சில இந்தியாவினின்றும் இலங்கையினின்றும் சென்றவை என்று ஆராய்ந்தோர் கூறுவர்.

அன்பர்களே! இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பொன் மென்மையுடையதாதலின், ஒட்டிய மண்ணை நீக்குவதற்கு அறிஞர் உலோகக் கருவியை விடுத்துச் செடியின் முள்ளைக் கையாண்டனர். நொறுங்கிய வெள்ளித்தகட்டுத் துணுக்குகளைப் பயனற்றவையென்று எறிந்தாரல்லர். பல்லாண்டு ஆராய்ந்து பொருத்தியபோது, அவற்றினின்று உயர்குடி வீரனது தலைக்கவசம் ஒன்றின் அமைப்பு விளங்கிற்று. பொன்னை மட்டும் பொறுக்கி உருக்கியிருப்பின் அக்கவசத்தை இன்று அறிவார் யார்?

நேர்மையால் நட்டமும் விளைந்திலது. 1996 ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி அறிஞர் குழு அதற்கு 32,85,000 பவுன் விலை மதித்தது. கண்டெடுத்தவரும் நிலத்துக்குரியவரும் அதனைச் சரிபாதியாகப் பெற்றனர். பொதுமக்கள் பொருளுதவ, பர்மிங்காம், ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகரத்துப் பொருட்காட்சிச் சாலைகள் 2010 ஆம் ஆண்டில் அதனை வாங்கின.

நம் நாட்டிலும் 1878 ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் உண்டு. மண்ணிற் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. மறைத்தல் தண்டனைக்குரிய குற்றம்.

தேடித் தோண்டுமாறு யாம் கூறவில்லை. கிணறு வெட்டும்போதோ, மனைக்குக் கடைகால் பறிக்கும்போதோ பழைய வாளோ, பிடியோ, தகடோ தென்படின், புளியிட்டுத் துலக்கற்க; துருவைச் சுரண்டற்க; உறையின் மரமும் தோலும் அத்துருவிலே படிந்திருத்தல் கூடும். தட்டாரிடம் கொடுத்து உருக்கற்க. கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, உடன்கிடந்தவற்றைக் கலைக்காது, உரிய அதிகாரிக்கு அறிவிப்பீராக. பொன்னின் விலை சந்தையில் தெரியும். முன்னோர் வரலாறோ கிடந்த இடத்திலன்றி வேறெங்கும் கிடைப்பதன்று. இதனை உங்கள் இல்லத்து இளைஞர்க்கும் எடுத்துரைக்குமாறு வேண்டி அமைகின்றோம்.