பச்சைப்பிள்ளை மஞ்சளானால் காத்திருக்க வேண்டாம்



பிறந்த பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தால், "இளவெயிலில் காட்டு, போய்விடும்" என்று நம் லயங்களில் சொல்வோம். நிறைமாதப் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேல் மஞ்சள் வரும். பெரும்பாலும் தானாக மறையும். ஆனால் சில பிள்ளைகளுக்கு பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் இரத்தத்தில் அளவுமீறி ஏறி மூளையைத் தாக்கும். அதன்பின் காது கேளாமையும் கைகால் முடக்கமும் ஆயுள் முழுக்க நிற்கும். நேரத்தோடு போனால் இதைத் தடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஊதா விளக்கல்ல, நீல ஒளி. 1956இல் இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற தாதி, வெயில் பட்ட இடத்தில் பிள்ளையின் மஞ்சள் குறைந்திருப்பதையும், துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் கவனித்தார். அதிலிருந்தே விளக்கு வைத்தியம் பிறந்தது. 1958இல் டாக்டர் கிரெமரும் மற்றவர்களும் அதை வெளியிட்டார்கள். தோலில் படும் ஒளி பிலிருபினை மாற்றிவிடுகிறது. பிறகு அது மலத்தோடும் சிறுநீரோடும் வெளியேறுகிறது.

அப்படியானால் வெயிலே போதாதா? போதாது. விளக்கின் ஒளி அளவானது, மணிக்கணக்காகத் தொடர்ந்து கிடைப்பது. நம் மலையில் வெயிலும் நிலையில்லை. உடுப்பில்லாத பிள்ளை குளிரில் விறைக்கும், கடும் வெயிலில் தோல் வேகும்.

விளக்கின் கீழ் பிள்ளையைக் கண் கட்டி வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒளி கண்ணில் படாமலிருக்கவே அந்தக் கட்டு. தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுங்கள். சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் வேண்டாம். பூச்சி உருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் பிள்ளைக்குச் சுற்ற வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது மஞ்சளைக் கூட்டும்.

லயத்து அறை இருட்டில் மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் கண் வெள்ளையைப் பாருங்கள். நெற்றித் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, கை, கால் வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, கீச்சென்று அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு கிழமை தாண்டியும் மஞ்சள் நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சந்தேகமென்றால் மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பாதை மோசமென்று அம்புலன்ஸ் ஏற முடியாத டிவிசன்களும் உண்டு. எந்த நேரமென்றாலும் தோட்டத்து வாகனம் கிடைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. கேட்டும் கொடுக்காவிட்டால், அன்றே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், நாம் கேட்போம். பேர் போனால் போகட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். அந்த நாள் சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.