திருவலகு ஏந்திய திருக்கை



சித்திரைச் சதயமாகிய இந்நன்னாளில் அப்பர் பெருமானின் வரலாற்றைக் கேட்கக் கூடியிருக்கின்றீர்கள். பெருமானுக்கு நேர்ந்த சூலைநோயும், அது நீங்கிய அற்புதமும் நீங்கள் பலகாலும் செவிமடுத்தவையே. ஆதலின் அவற்றை மீண்டும் விரித்துரையாது, அந்நோய் தீர்வதற்குத் துணையாய் நின்ற ஒருவர் தம்மை எங்ஙனம் அதற்கு ஆயத்தம் செய்துகொண்டார் என்பதையே இன்று சிந்திக்க விழைகின்றோம். அவர் பெருமானின் தமக்கையாராகிய திலகவதியார்.

அறுபத்து மூவர் தொகையில் அம்மையாரின் பெயர் இல்லை. ஆயினும் சேக்கிழார் பெருமான் அவரைக் காட்டும் இடங்களைக் கற்குந்தோறும் எம் உள்ளம் அங்கேயே நின்றுவிடுகின்றது. தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த அம்மையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் பின்னர்ச் சமணம் புகுந்து, தருமசேனர் எனப் பெயர் பெற்று, பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரில் தங்கிவிட்டார். இனி யாருக்காக வாழ்வது?

அம்மையார் தம்பியைத் தொடர்ந்து சென்று வாதிடவில்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். வைகறையில் எழுந்து திருக்கோயிலை அலகிட்டார். ஆனின் சாணம் கொண்டு மெழுகினார். மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். மறுநாளும் அவையே, அதற்கு மறுநாளும் அவையே. தம்பியை மீட்டருளுமாறு இறைவனிடம் பலமுறை விண்ணப்பித்தார். சூலை கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என இறைவன் கனவில் அருளிய பின்னரும் அத்தொண்டினை விடவில்லை.

தியானம் என்றவுடன் கண்ணை மூடி அமர்தல் ஒன்றையே நாம் நினைக்கின்றோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வகுத்த எட்டு உறுப்புகளில் தியானம் ஏழாவது. அதற்கு முன் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை என ஆறு உள்ளன. படியேறாமல் மாடம் ஏற விரும்புவோரே இன்று மிகுதி. அம்மையாருக்குத் திருவலகே ஆசனம். மாலை தொடுக்கும் நாரே தாரணை. கை ஒன்றைச் செய்ய, நாவும் நெஞ்சும் திருவைந்தெழுத்தில் நின்றன.

இப்பயிற்சி பயன்பட்ட இரவைக் காண்போம். சமணர் தாம் அறிந்த முறைகளையெல்லாம் செய்தும் நோய் தணியவில்லை. (அவர்கள் பொருட்படுத்தாது விட்டனர் எனச் சிலர் பேசுகின்றனர், புராணம் அங்ஙனம் கூறவில்லை.) தருமசேனர் தம் சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். அவன் வந்து நந்தவனத்தின் புறத்தே அம்மையாரைக் கண்டு, தம்பி உயிர் போகும் நிலையில் இருப்பதை உரைத்தான். நாமாக இருந்தால் என் செய்திருப்போம்? அலறியிருப்போம், ஓடியிருப்போம். அம்மையார், தாம் அங்கு வருவதற்கில்லை என்றே சொல்லி அனுப்பினார். அது கல்நெஞ்சமன்று. தாம் எங்கு நின்றால் தம்பிக்கு உதவ இயலும் என்பதை அறிந்த தெளிவு.

தம்பியாரே இரவோடு இரவாக நடந்து வந்து காலில் வீழ்ந்தார். இத்தனை ஆண்டு எங்கே போனாய் என்னும் ஒரு சொல் அம்மையார் வாயிலிருந்து வரவில்லை. இறைவன் திருவருளை நினைந்து, எழுப்பி, அவனைப் பணிந்து தொண்டு செய்க எனக் கூறி, திருநீறு அளித்தார். பின்பு வைகறை வந்தது. திருவலகும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். உயிருக்குப் போராடும் தம்பி வீட்டிலிருக்க அன்றைய தொண்டும் தவறவில்லை. அத்தொண்டின் வழியே நோயாளியும் சந்நிதியை அடைந்தார்.

திருவள்ளுவர் தம் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகளை எண்ணும்பொழுது நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பணிபுரிவாரையும் ஒன்றாக வைத்தார். இல்லங்களில் அப்பணி உங்களில் பலருக்கு உண்டு. எம்போன்று பீடத்தில் அமர்ந்து பேசுவோரிடமும், "சுவாமி, இந்த நோய்க்கு என்ன செய்யலாம்?" என்று கேட்போர் பலர்.

இங்கு எம் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஊர்தோறும் சொற்பொழிவு. மூன்று இரவுகள் உறக்கமில்லை, நேரத்திற்கு உணவில்லை, எம் நித்திய பூசையும் அவசரக் கோலமாயிற்று. சிவராத்திரிக்கு முதல் நாள் முதியவர் ஒருவர் வந்து, தமக்கு நீரிழிவு உண்டு, முழு உபவாசம் இருக்கலாமா எனக் கேட்டார். யாம் வண்டி ஏறும் அவசரத்தில் இருந்தோம். அவர் முகத்தையும் சரியாகப் பார்த்தோமில்லை. "இருங்கள், சிவன் பார்த்துக்கொள்வான்" என்றோம். அவர் வழக்கம்போல் மாத்திரையை உட்கொண்டு, உணவை மட்டும் விலக்கினார். மாலையில், முதற்சாமப் பூசை தொடங்கும்முன் பிரகாரத்தில் உடல் வியர்த்து மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையில், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிட்டது எனக் கூறி, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினர். இன்னும் சிறிது தாழ்த்திருந்தால் உயிருக்கே ஊறாகியிருக்கும் என்றனர்.

எம் வாயிலிருந்து வந்தது பக்தியன்று, அன்பர்களே, களைப்பு. அதற்குச் சிவன் பெயரைச் சூட்டிவிட்டோம்.

அன்று முதல் ஒரு நியமம் கொண்டோம். நோயுற்றோரைக் காணப் போகுமுன் உண்டு, உறங்கி எழுந்து செல்வது. வாயிலில் கைகால் கழுவி, நீறணிந்து, சிறிது அமர்ந்து, மூச்சு தானாக மெல்ல வந்து போவதைக் கவனித்து, நூற்றெட்டு முறை திருவைந்தெழுத்தை உள்ளே எண்ணுவது. மூச்சை அடக்கும் கும்பகத்தைக் குருவின்றி எவரும் முயலற்க. இதயநோயும் இரத்த அழுத்தமும் உடையோர் அறவே முயலற்க. உள்ளே சென்றபின் முதலில் கேட்பது, பிறகே பேசுவது. மருந்தை நிறுத்தலாமா, விரதம் இருக்கலாமா என்னும் வினாக்களுக்கு எம் விடை ஒன்றே: மருத்துவரைக் கேளுங்கள். உடம்பை இழிவாக எண்ணியிருந்த காலத்தைத் தாம் கடந்து, உள்ளே இறைவன் கோயில் கொண்டதைக் கண்டு அதனைப் பேணியதாகத் திருமூலரே கூறுகின்றார். பேணுதற்கு மருந்தும் திருவருளே.

அந்த முதியவர் மறு ஆண்டு சிவராத்திரிக்கும் வந்தார். மருத்துவர் சொன்னபடி உரிய வேளையில் சிற்றுணவு உண்டு, நான்கு சாமமும் அமர்ந்திருந்தார். விடியற்காலையில் யாம் அவரருகே சென்று நலம் கேட்டோம். அவர் சிரித்து, "எனக்கு ஒன்றுமில்லை. சுவாமி நேற்றுப் பகலில் கொஞ்சம் உறங்கினீர்களா?" என்று எம்மைக் கேட்டார்.

திருச்சிற்றம்பலம்.